கடைமடைக்கு வரும் ஐந்நூறு ரூபாய்

(அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் மே மாதத்தில் கூட்டிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



நாம் கடைமடைக்காரர்கள். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தவுடன் நம் ஊரில் யாரும் ஏரைத் தொடுவதில்லை. மதகில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை அந்தச் செய்தி வெறும் செய்திதான் என்று நமக்குத் தெரியும். மேட்டூரில் அணை திறப்பு ஜூன் 12 என்றால் நமக்கு அது வேறொரு தேதி. நடுவே எத்தனை கிளை வாய்க்கால், எத்தனை உடைப்பு, எத்தனை பேர் வயல்!

முப்பத்து நான்கு ஆண்டு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அரசு ஒதுக்கும் பணமும் இந்தத் தண்ணீரைப் போலத்தான் என்று கண்டிருக்கிறேன். வகுப்பறைதான் அதற்குக் கடைமடை. அங்கே வந்து சேர்ந்த சின்னத் தொகை ஒன்று என்ன செய்தது, தாமதமாக வந்தபோது என்ன ஆயிற்று, வரும் ஜூனில் நாம் என்ன செய்யலாம் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஐந்நூறு ரூபாயின் கதை.

2001-ல் அனைவருக்கும் கல்வி இயக்கம், நாம் எஸ்.எஸ்.ஏ. என்று சொல்வோமே, அது வந்தது. கட்டடம், கழிப்பறை, பயிற்சி என்று பெரிய பெரிய தலைப்புகளில் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பட்டியலின் அடியில் ஒரு சின்ன வரி இருந்தது. ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். கற்றல் கற்பித்தல் துணைக்கருவி செய்துகொள்வதற்கு. டி.எல்.எம். பணம் என்று சொல்வோம். எனக்குத் தெரிந்து, தொடக்கப் பள்ளி ஆசிரியரின் கையில் 'உன் வகுப்புக்கு என்ன வேண்டுமோ நீயே வாங்கிக்கொள்' என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பணம் அதற்கு முன்பு இருந்ததில்லை.

பெரும்பாலும் அதில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் தெர்மோகோலும் வாங்குவோம். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். 2009 என்று நினைவு. அந்த ஆண்டு பணம் ஆடி மாதமே கைக்கு வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைக்குப் போய் 35 ரூபாய் வீதம் பத்து கைலென்ஸ் வாங்கினேன். 350 ஆயிற்று. மீதிக்கு ஒரு பெரிய நோட்டும் இரண்டு பெட்டி கலர் பென்சிலும் வாங்கினேன்.

கார்த்திகை மாதம். பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் சம்பா தொண்டை தாண்டி, கதிர் வெளியே வந்திருந்தது. ஏழாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். வயல்காரரிடம் சொல்லிவிட்டு, வரப்போரம் அழைத்துப் போனேன். காலை பத்தேகால் மணி இருக்கும். "கதிரை ஒடிக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே குனிந்து பாருங்கள்" என்றேன்.

ஒரு பெண் குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளுடைய அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அந்தப் பிள்ளையும் லீவு நாளில் நாற்று முடி தூக்கிப் போட்டவள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "டீச்சர், நெல்லு பூக்குமா?"

லென்ஸுக்குக் கீழே உமி இரண்டாக வாய் திறந்திருந்தது. உள்ளேயிருந்து மெல்லிய நூலில் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணச் சொன்னேன். ஆறு. பக்கத்துக் கதிரிலும் ஆறு. நடுவில் இறகு மாதிரி இரண்டு. காற்று வீசியதும் பொடி பறந்தது. பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் வரப்பில் மண்டியிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது திறந்திருந்த உமியெல்லாம் மூடிவிட்டது. பைகள் மட்டும் வெளியே வாடித் தொங்கின.

மறுநாளிலிருந்து அந்தப் பெரிய நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்கு முதல் பூ, எத்தனை மணிக்கு அதிகப் பூ, வெயிலா மூட்டமா. எட்டு நாள் எழுதினார்கள். மூட்டமான நாளில் பூ தாமதமாகத் திறக்கிறது என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களே நோட்டைப் புரட்டிச் சொன்னார்கள். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை லென்ஸை வீட்டுக்குக் கேட்டாள். கொடுத்தேன். திங்கட்கிழமை அவளுடைய அம்மா வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்தார். "டீச்சரம்மா, இருபது வருசமா இந்தச் சேத்துலதான் நிக்கிறேன். அதுக்குள்ள இம்மாம் பெரிய வேலை நடக்குதுன்னு எம்மவ வந்து காட்டுறா" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

350 ரூபாய்தான் அது.

இப்படிப்பட்ட பணம் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு ஆண்டு. அப்போது நான் தலைமையாசிரியை. பள்ளிக்கான மானியம் மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில் கணக்கில் ஏறியது. 31-ஆம் தேதிக்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அந்தக் கொஞ்ச நாளில் என்ன வாங்குவது? எந்த வகுப்பையும் கேட்க நேரமில்லை. பிளாஸ்டிக் சுவர்ப்படங்கள் ஒரு கட்டு வாங்கினேன். பில் சரியாக இருந்தது, இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன், சான்று அனுப்பினேன். அந்தப் படங்களை எந்தக் குழந்தையும் நின்று பார்த்து நான் கண்டதில்லை. கணக்கில் ஒரு பைசா தவறில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை வீணாக்கினோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

இது என் பள்ளியில் மட்டும் நடந்ததில்லை. 2009 முதல் 'பைசா' என்ற பெயரில் நாடு முழுக்கப் பள்ளி மானியத்தின் போக்கைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் எழுதியிருப்பதும் இதுதான்: பணம் வருகிறது, ஆனால் பல பள்ளிகளுக்கு ஆண்டின் பிற்பாதியில்தான் வருகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பள்ளி ஜூனில் தொடங்குகிறது, பணம் மார்ச்சில் வருகிறது என்றால் பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? அறுவடை முடிந்த வயலுக்குத் தண்ணீர் வந்து என்ன பயன்?

2018-ல் எஸ்.எஸ்.ஏ.வைச் சமக்ர சிக்ஷா என்ற திட்டமாக மாற்றினார்கள். தனித்தனியாக இருந்த பள்ளி மானியங்களைச் சேர்த்து ஒரே மானியமாக்கினார்கள். பிறகு திருத்திய விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். பல பள்ளிகளுக்குத் தொகை கூடியிருப்பது உண்மை. ஆனால் அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. பழுதான கருவிகளை மாற்றுவது, மின்கட்டணம், இணையம், குடிநீர் எல்லாம் அதே பணத்திலிருந்துதான். மோட்டார் ரிப்பேர் ஆனால் முதலில் மோட்டார்தான். தலைமையாசிரியரைக் குறை சொல்ல முடியாது. நானும் அதைத்தான் செய்திருப்பேன். பத்தாயிரம் ரூபாய்ப் பள்ளியில் இத்தனையும் போனபின் வகுப்பறைக் கதவு வரைக்கும் எது வந்து சேரும்?

தாமதமும் பற்றாக்குறையும் ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. பயம்.

1988-ல் நான் வேலைக்குச் சேர்ந்தது ஓர் ஈராசிரியர் பள்ளியில். கரும்பலகைத் திட்டம் நடைமுறைக்கு வந்த நேரம் அது. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையில் பிறந்த திட்டம். பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கருவிகள் என்று வகுத்தது. எங்கள் பள்ளிக்கும் வரைபடங்கள், கணிதப் பெட்டி, அறிவியல் பெட்டி எல்லாம் வந்தன. அழகான பெட்டி. தராசு, காந்தம், லென்ஸ் என்று உள்ளே எத்தனையோ இருந்தன. தலைமையாசிரியர் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார். பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நான் சின்ன வயது. துணிந்து கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அம்மா, எனக்கு ஓய்வு பெற நாலு வருசம் இருக்கு. ஒரு காந்தம் காணாமப் போனாலும் நான் பதில் சொல்லணும். என் பென்சன் பேப்பர் அதுல நிக்கும்" என்றார். நல்ல மனிதர். பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. உடைந்தால் கேள்வி, உடையாமல் பூட்டிக் கிடந்தால் கேள்வி இல்லை என்று விதி இருந்தால் மனிதர் பூட்டித்தான் வைப்பார். அந்தப் பெட்டி பிறகு பல பள்ளிகளில் பீரோவுக்குள்ளேயே வயதாகிப் போனதை நம் தலைமுறை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள்.

ஆகவே சின்னத் தொகை கொடுக்கும்போது, 'இது உடையலாம், தீரலாம், தொலையவும் செய்யலாம்' என்ற அனுமதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் பத்து லென்ஸில் மூன்று முதல் வருடமே போயிற்று. அவற்றைத் தீரும் பொருள் என்றே எழுதினேன். சாக்பீஸ் தீர்ந்தால் யாரும் கேட்பதில்லையே. குழந்தை கைபட்டுத் தேய்ந்த லென்ஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

உடைவதைச் சொல்லும்போது தோற்றதையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்ய வேண்டுமென்றார்கள். தெர்மோகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு வெப்பமானி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டை. எல்லாம் சேர்த்து 650 ரூபாய்க்குள். முப்பத்தேழரை டிகிரி சூடு, இருபத்தொரு நாள், தினம் மூன்று தடவை முட்டையைத் திருப்ப வேண்டும். முறை போட்டுக்கொண்டு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட வந்தார்கள். ஆனால் அது எந்த வருடம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாத வருடம். இருபத்தொன்றாம் நாள் எதுவும் பொரியவில்லை. இருபத்து மூன்றாம் நாள் வரைக்கும் காத்திருந்தார்கள்.

அதே சமயம் ஒரு பையன் வீட்டில் அடைக்கு வைத்த கோழி எட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. அவன் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெப்ப அட்டவணையில் கரண்டு போன நேரத்தையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டிருந்தான். "கோழிக்குக் கரண்டு போவதில்லை. கோழி எழுந்து போனாலும் சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறது. எங்கள் பெட்டியில் சூடு போனால் நாங்கள் திரும்பிக் கொண்டுவர முடியவில்லை" என்று எழுதினான். பார்வைக்கு வந்த அலுவலர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நின்றபடியே படித்தார். கீழே கையெழுத்துப் போட்டு, 'அடுத்த முறை சூட்டைக் காக்க என்ன செய்யலாம் என்று வகுப்பு யோசிக்கட்டும்' என்று எழுதினார். எத்தனை குஞ்சு வந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் மட்டும் 650 ரூபாய்க்கு விளைவு எங்கே என்று கேட்டிருந்தால், அதற்குப் பிறகு என் வகுப்பில் நிச்சயம் வெற்றி பெறும் சோதனை மட்டும்தான் நடந்திருக்கும்.

இனி, பணத்தை எதில் செலவழிப்பது என்ற கேள்வி. இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். நல்ல மனதோடு கொடுக்கும் பணமே பயனில்லாமல் போகக்கூடிய இடம் இது.

ஆந்திரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் முதலிய பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து செய்தது. 2013-ல் அதன் முடிவுகள் அச்சில் வந்தன. நூறு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். கட்டடம் கட்டக்கூடாது, சம்பளம் தரக்கூடாது. பிள்ளைகள் நேராகப் பயன்படுத்தும் பொருளுக்கு மட்டும். பள்ளிகள் பெரும்பாலும் நோட்டும் எழுதுபொருளும் வாங்கின. முதல் ஆண்டில் பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டு அதே பணம் வந்தும் அதனால் கூடுதல் முன்னேற்றம் இல்லை. ஏன் என்று பார்த்தார்கள். பெற்றோர் தாங்கள் வழக்கமாகச் செய்யும் செலவைக் குறைத்துவிட்டார்கள். பள்ளியிலேயே நோட்டு தருகிறார்களே, நாம் எதற்கு வாங்க வேண்டும் என்று அந்தப் பணத்தை வேறு அவசரத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

இதில் பெற்றோர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஏழை வீட்டில் நூறு ரூபாய் மிஞ்சினால் அதற்கு ஆயிரம் வேலை இருக்கும். குடும்பத்துக்கு அது நல்ல உதவியும்கூட. ஆனால் கற்றலைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்பட்ட பணம் அந்த வேலையைச் செய்யவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து என் மனதில் ஒரு கோடு விழுந்துவிட்டது. வீடு வாங்கித் தருவதை இந்தப் பணத்தில் வாங்கக் கூடாது. அதே மாதிரி அரசு கட்டாயம் தர வேண்டியதையும் இந்தப் பணத்தில் வாங்கக் கூடாது. வீட்டுக்கும் அரசுக்கும் இடையில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குரிய பொருளை எந்தப் பெற்றோரும் தன் பிள்ளைக்கென்று தனியாக வாங்க மாட்டார். எந்த அரசாணையும் இந்த ஊர் ஏழாம் வகுப்புக்கு இன்ன பொருள் வேண்டுமென்று முன்கூட்டி அறியாது. அந்தப் பொருள், வகுப்பு முழுக்கச் சேர்ந்து தொட்டுப் பயன்படுத்தும் பொருள். தராசு, லென்ஸ், அளவு நாடா, ஒரு நல்ல அகராதி, ஊர் வரைபடம் வரைய ஒரு பெரிய தாள் சுருள். சின்ன மானியத்துக்கு உரிய இடம் அதுதான். அந்த இடத்தை வேறு யாரும் நிரப்ப மாட்டார்கள்.

அரசின் கடமையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024-25-ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா பணத்தை விடுவிக்காமல் நிறுத்தி வைத்தது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராததையொட்டி எழுந்த தகராறு. நின்ற தொகை 2,152 கோடி என்று மாநில அரசு கணக்குச் சொன்னது. அந்தப் பள்ளத்தை ஊர்ப் பணம் போட்டு நிரப்ப முடியாது, நிரப்ப முயலவும் கூடாது. ஆசிரியர் சம்பளமும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் நம் வரிப்பணத்தில் நமக்குச் சேர வேண்டியவை. அவற்றைக் கேட்டு வாங்குவோம். நாம் கொடுப்பதைக் காட்டி, அரசு தன் கையை எடுத்துக்கொள்ள விடக்கூடாது.

ஊர் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம், தட்டு, நிலம் என்று சனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் பகுதியில் பழைய பள்ளிகளில் பெயர் எழுதிய பெஞ்சு இன்னும் கிடக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் அந்த வழியில் வந்ததுதான். வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அதன் வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். வாழ்க. நான் கேட்பது, கட்டடத்துக்குக் கொடுக்கிற அதே கை ஏழாம் வகுப்பின் தராசுக்கும் கொஞ்சம் நீள வேண்டும் என்பதுதான்.

அமெரிக்காவில் இப்படி வகுப்பறையிலிருந்து எழும் சின்னக் கோரிக்கைகளுக்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்த சார்லஸ் பெஸ்ட் என்ற இளம் ஆசிரியர் தொடங்கியது, டோனர்ஸ்சூஸ் என்ற இணையதளம். சக ஆசிரியர்கள் சொந்தக் காசில் தாளும் பென்சிலும் வாங்குவதையும், நல்ல யோசனைகள் சாப்பாட்டு அறைப் பேச்சோடு நின்றுவிடுவதையும் பார்த்து அவர் இதை ஆரம்பித்தார். ஆசிரியர் என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதுகிறார். முகம் தெரியாத ஒருவர் ஐந்தோ பத்தோ டாலர் கொடுக்கிறார். பணமாகக் கையில் தருவதில்லை. பொருளையே வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். தொடக்கத்தில் வந்த சில கோரிக்கைகளுக்கு அவரே பெயர் சொல்லாமல் பணம் கொடுத்தாராம். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆசிரியர்களுக்கு வர வேண்டுமே! இன்று அந்த நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அதில் எழுதுகிறார்கள். அவ்வளவு செல்வமுள்ள நாட்டில் ஆசிரியர் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தமும் உண்டு. ஆனால் அதில் ஒன்று பிடித்திருக்கிறது. என்ன வேண்டும் என்பதை வகுப்பில் நிற்கிறவர் சொல்கிறார். கொடுப்பவர் சொல்வதில்லை.

நம் ஊரில் இது தலைகீழாக நடந்து நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒரு நிறுவனம் பெரிய மின்திரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த வகுப்பறையில் மின்இணைப்பு சரியாக இருக்கிறதா என்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் உறை பிரிக்காமல் இருந்தது. அதன் விலையில் நம் மாவட்டத்தில் எத்தனை வகுப்புக்கு லென்ஸ் வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். மனசு தாங்கவில்லை.

அரசும் இந்தத் திசையில் சில நல்ல காரியம் செய்திருக்கிறது. 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய சோதனைகளைக் கொண்டுபோகிறது. 13,000-க்கு மேற்பட்ட பள்ளிகள். கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பொருளோடு வந்து செய்து காட்டுகிறார்கள். அவர்கள் வரும் நாளில் பள்ளியே திருவிழாவாக இருக்கிறது. ஒன்றிய அரசின் இன்ஸ்பையர் விருதில் தேர்வாகும் மாணவருக்குத் தன் யோசனையைச் செய்து பார்க்க 10,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது ஒரு பிள்ளைக்குத் தருவது. கண்காட்சி நெருங்கும்போது, பிள்ளையின் கை படாமல் கடையில் செய்து வாங்கிய மாடல்களையும் நான் பார்த்திருக்கிறேன். வகுப்புக்குக் கொடுத்தால் இருபத்தெட்டுப் பேரும் அதில் கை வைப்பார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினையையே ஆராய்கிறார்கள். என் மனதுக்கு நெருக்கமானது அந்த முறைதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் உங்கள் வேலை. அதனால் இதை உங்கள் கையில்தான் கொடுக்கிறேன்.

ஒரு வகுப்புக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். எட்டு வகுப்புக்கு 16,000. கோயில் திருவிழாவில் ஒரு நாள் மேளத்துக்கு ஆகிற செலவுகூட இல்லை. பணம் ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் வகுப்பாசிரியர் கையில் இருக்க வேண்டும். வகுப்பும் ஆசிரியரும் சேர்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்: எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம், அதற்கு என்ன பொருள் வேண்டும். படிவம் கிடிவம் வேண்டாம். படிவம் நீண்டால் எழுதத் தெரிந்தவருக்குப் பணம் போகும், சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவருக்குப் போகாது. எல்லா வகுப்புக்கும் உண்டு, போட்டி கிடையாது. போட்டி வைத்தால் ஏற்கனவே ஓடுகிற ஆசிரியர்தான் திரும்பத் திரும்ப ஜெயிப்பார். தயங்கி உட்கார்ந்திருக்கிறவரைத்தான் நாம் எழுப்ப வேண்டும்.

கொடுத்தவர் பெயரை எதிலும் எழுத வேண்டாம். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். வாங்குகிறோம் என்ற கூச்சத்தோடு எந்தக் குழந்தையும் ஒரு தராசைத் தொடக்கூடாது.

கணக்கு? அது கட்டாயம் வேண்டும். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென்று அரசு அனுப்பிய தலைவீத மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளியை வந்தடைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மீதி நடுவழியில் நின்றுவிட்டது. பிறகு அரசு மாவட்டத்துக்கு அனுப்பிய தொகையைச் செய்தித்தாளில் வெளியிட்டது. பள்ளிகளும் வந்த பணத்தை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்றது. சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வரத் தொடங்கியது. வேறு சீர்திருத்தங்களும் சேர்ந்து நடந்ததுதான் அது. ஆனாலும் வாசலில் எழுதியதை ஊர் படித்தது என்பது சின்ன விஷயம் இல்லை. நம் பள்ளியிலும் வகுப்பு வாசலில் ஒரு தாள்: வந்தது இவ்வளவு, வாங்கியது இன்ன இன்ன. பிள்ளைகளே கூட்டிக் கழித்து எழுதட்டும். பில்லைப் பக்கத்தில் ஒட்டட்டும். தை மாதத்தில் ஒரு மாலை நாமெல்லாம் பள்ளிக்குப் போவோம். என்ன கண்டுபிடித்தார்கள், எது வரவில்லை என்று அவர்கள் வாயால் கேட்போம்.

கடைசியாக ஒன்று. வரும் ஜூனில் ஏழாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளிடம் ஏப்ரலில் தேர்வுக்கு முன்பு அவர்கள் டீச்சர் கேட்டு எழுதி வாங்கிய பட்டியல் என்னிடம் இருக்கிறது. 'நம் ஊர்க் குளத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, எங்கே போகிறது' என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். விலையை அவர்களே கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார்கள். படிக்கிறேன்.

ஐம்பது அடி அளவு நாடா ஒன்று, 350. அடிக்கணக்குக் கோடு போட்டுக் குளத்தில் நட மூங்கிலும் பெயிண்டும், 280. மழைமானி இரண்டு, 600. வெப்பமானி மூன்று, 240. பெரிய நோட்டு இரண்டு, 110. நைலான் கயிறு முப்பது மீட்டர், 150. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இருக்கிறது: பழைய லாரி டியூப் ஒன்று, காற்றடித்து, 270. எங்களில் ஆறு பேருக்கு நீச்சல் தெரியாது.

மொத்தம் 2,000.

குளம் இப்போது காய்ந்து கிடக்கிறது. மூங்கிலை நட அதுதான் நல்ல நேரம். மேட்டூர் திறந்து, வாய்க்கால் வழியாக நம் மதகுக்குத் தண்ணீர் வருவதற்குள் இவற்றை வாங்கியாக வேண்டும்.